பேசாத நாளில் முழங்கிய எம்.எல்.ஏ.

நடக்காததை நடந்ததாக எழுத நிறையக் கற்பனை வேண்டும் என்பார்கள். எனக்கு வெறும் அவசரமே போதுமானதாக இருந்தது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஸ்ரீரங்கத்தில் வீடு. இரண்டு பஸ் மாறிப் போனால் நான் வேலை பார்த்த எம்.எல்.ஏ.வின் அலுவலகம். மனு வாங்குவது, கடிதம் தட்டச்சு செய்வது, தொகுதி வாட்ஸ்அப் குழுக்களுக்குச் செய்தி அனுப்புவது ஆகியவை என் வேலை. (சொந்தக்காரர்களிடம் 'அரசியல் ஆலோசகர்' என்று சொல்லிவைத்திருந்தேன்.) எம்.எல்.ஏ. முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்துவிட்டு, முதல்முறையாகத் தேர்தலில் நின்று ஜெயித்தவர். அதன் பிறகும் ஊரே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டது.

அந்த ஜனவரியில் சட்டமன்றக் கூட்டத்தொடர் தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது, தொகுதியின் மலைப்பகுதியான பச்சைமலையிலிருந்து முத்துசாமி என்ற விவசாயி மனுவோடு வந்தார். அவர்கள் ஊருக்கு பஸ் கிடையாது. வருகிற ஒரே பஸ்ஸும் அடிவாரத்துப் பிரிவு ரோட்டோடு திரும்பிவிடும். அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர் ஏற்றம். மரவள்ளிக்கிழங்கு மூட்டையும் நடந்துதான் இறங்க வேண்டும், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் நடந்துதான் இறங்க வேண்டும்.

"பாப்பா பத்தாவது படிக்குதுங்க. பதினொண்ணாவதுக்குக் கீழ வரணும். ஜூனுக்குள்ள பஸ் வரலைன்னா நிறுத்திடறதாத்தான் இருக்கேன்" என்றார்.

டீச்சர் மனுவை இரண்டு தடவை படித்தார். "கேக்கறேங்க" என்றார். அவ்வளவுதான் அவர் பேச்சு.

கூட்டத்தொடர் தொடங்கும் நாளில் டீச்சரோடு நானும் சென்னைக்குப் போனேன். எனக்குப் பார்வையாளர் மாடத்துக்கு பாஸ் வாங்கித் தந்திருந்தார். "வித்யா, நான் வெளியில வந்து சொன்னதுக்கப்புறம் மெசேஜ் அனுப்பினாப் போதும்" என்றும் சொல்லியிருந்தார்.

ஆனால் ஆலோசகருக்கு அது பொறுக்குமா? செல்போனை வாசலிலேயே ஒப்படைத்துவிட வேண்டும் என்றார்கள். நான் வெளியே வருவதற்குள் மற்ற தொகுதிச் செய்திகளெல்லாம் முந்திக்கொண்டால் என்ன ஆவது? ரயிலிலேயே எழுதிவைத்திருந்ததை எல்லாக் குழுக்களுக்கும் தட்டிவிட்டு, போனைக் கொடுத்துவிட்டு உள்ளே போனேன்.

செய்தி இதுதான்: 'இன்று தொடங்கிய கூட்டத்தொடரில் பச்சைமலைக்குப் பேருந்து கேட்டு நமது எம்.எல்.ஏ. முழங்கினார். மேசைகள் அதிர்ந்தன. அமைச்சர் எழுந்து, பேருந்து உறுதி என்றார்.' (அமைச்சரை எழுப்பியதும் நான்தான்.)

மாடத்தில் போய் உட்கார்ந்தேன். டிவியில் நூறு தடவை பார்த்த இடம்தான். ஆனாலும் வாழ்த்துப் பாடலுக்கு அவை மொத்தமும் எழுந்து நின்றபோது உடம்பு சிலிர்த்தது. கீழே இருந்த ஒவ்வொரு இருக்கையிலும் ஒரு தொகுதியே உட்கார்ந்திருக்கிறது என்று தோன்றியது. கடைசி வரிசையில் டீச்சர், அதே பழைய காட்டன் புடவையில், மடியில் முத்துசாமியின் மனு இருக்கும் ஃபைலோடு இருந்தார். எங்கள் மலை இவ்வளவு தூரம் வந்துவிட்டதே என்று கண் கலங்கிவிட்டேன்.

அந்தப் பரவசத்திலேயே பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன்: "சார், எங்க எம்.எல்.ஏ. எப்ப பேசுவாங்க?"

"இன்னிக்கு யாரும் பேச மாட்டாங்கம்மா. ஆளுநர் உரை மட்டும்தான். முதல் நாளாச்சே" என்றார்.

உரை முடியும்வரை டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவையாவது எழுந்து ஏதாவது சொல்லிவிட மாட்டாரா என்று ரங்கநாதரை வேண்டினேன். அவர் தண்ணீர் குடிக்கக்கூட அசையவில்லை.

வெளியே வந்து போனைத் திறந்ததும் முத்துசாமியின் அழைப்பு. "அம்மா! ஊரே பிரிவு ரோட்டுல நிக்கிறோம். பஸ்ஸு கிளம்பிடுச்சுங்களா?"

அப்போதுதான் வெளியே வந்த டீச்சரிடம் போனை அப்படியே நீட்டி, நடந்ததைச் சொன்னேன். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் செய்தியை ஒருமுறை படித்துவிட்டு, போனைக் காதில் வைத்தார்.

"முத்துசாமி, நான் டீச்சர் பேசறேன். நான் இன்னும் கேக்கலைங்க. இன்னிக்கு யாரும் பேசற நாளே இல்ல. எங்க ஆபீஸ்லேர்ந்து தப்பா அனுப்பிட்டோம். அது என் தப்பு. மன்னிச்சுக்கோங்க."

'எங்க ஆபீஸ்' என்றார். என் பெயரைச் சொல்லவில்லை. ஓர் எம்.எல்.ஏ. இப்படிப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை. மறுமுனையில் முத்துசாமி, "சரிங்க டீச்சர். ஒரு நாள் சந்தோசமா இருந்தோம். மறக்காம கேட்டுருங்க" என்றது எனக்கும் கேட்டது.

அங்கேயே மரத்தடியில் நின்று, டீச்சர் சொல்லச் சொல்லப் புதுச் செய்தியை எழுதினேன்: 'இன்று ஆளுநர் உரை. நான் எதுவும் பேசவில்லை. முன்பு அனுப்பிய செய்தி தவறு. பேச வாய்ப்புக் கிடைக்கும் நாளில் பேருந்து பற்றிக் கேட்பேன்.'

"டீச்சர், 'பேசவில்லை'ன்னு நாமே போட்டா எதிர்க்கட்சிக்காரங்க சிரிப்பாங்களே" என்றேன். (அப்போதும் ஆலோசகர் அடங்கவில்லை.)

"சிரிக்கட்டும். நீ நாளன்னிக்கு மலைக்குப் போய் இதை நேர்ல படிச்சுட்டு வா. பஸ்லயே போ" என்றார்.

பஸ்ஸிலேயே போனேன். பிரிவு ரோட்டில் இறக்கிவிட்டார்கள். ஐந்து கிலோமீட்டர் ஏற்றம், என் ஹீல்ஸ் செருப்போடு. முத்துசாமியின் மகள் பதினொன்றாவது சேர்ந்தால் தினமும் இதை எப்படி ஏறுவாள் என்ற யோசனை முதல் வளைவிலேயே வந்துவிட்டது. ஊருக்குள் நுழைந்தபோது செருப்பு கையில் இருந்தது.

கோயில் முன்னால் எல்லோரும் கூடினார்கள். டீச்சரின் செய்தியைப் படித்தேன். 'பேசவில்லை' என்ற இடத்தை மட்டும் வேகமாகத் தாண்டப் பார்த்தேன். முன்னால் நின்ற ஓர் அம்மா கேட்டார்: "பேசலைன்னு சொல்லவா இம்புட்டுத் தூரம் நடந்து வந்தே?"

"ஆமாங்க."

"பேசினேன் பேசினேன்னு எங்ககிட்ட சொன்னவங்கதான் உண்டு. பேசலைன்னு சொல்ல வந்த மொத ஆளு நீதான்."

பிறகுதான் அந்தக் காரியம் நடந்தது. பஸ்ஸின் முகப்புக்குப் போட என்று முந்தின நாளுக்கு முந்தின நாள் வாங்கிய செவ்வந்தி மாலை வாடிக்கிடந்தது. அதைத் தூக்கி என் கழுத்தில் போட்டார்கள். பஸ்ஸின் அளவுக்குக் கட்டிய மாலை, தரையைப் பெருக்கியது. நான் அதற்குள் நின்று அழுதேன், ஊரே சிரித்தது, முத்துசாமி போட்டோ எடுத்தார்.

டீச்சர் அந்தக் கூட்டத்தொடரிலேயே கேட்டார். இரண்டே நிமிடம்தான். யாரும் மேசையைத் தட்டவில்லை. ஆனால் ஜூனில் பஸ் மலையேறியது, முத்துசாமியின் மகளும் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தாள்.

மூன்று வருடம் கழித்து என் கல்யாணத்தில் மாலை மாற்றும்போது, அப்பா உற்சாகத்தில் சத்தமாகச் சொல்லிவிட்டார்: "எங்க பொண்ணுக்கு இது ரெண்டாவது மாலைங்க!" மாப்பிள்ளை வீட்டார் முகத்தில் ஈயாடவில்லை. போட்டோவைக் காட்டி, முழுக் கதையும் சொல்லி முடிக்கும்வரை தாலி கட்டவிடவில்லை.

கதை கேட்ட நாளிலிருந்து என் மாமியாருக்கு அது வேதவாக்கு. இன்றைக்கும் நான் அறைக்குள்ளிருந்து "சாதம் வச்சாச்சு அத்தை" என்று குரல் கொடுத்தால், கூடத்திலிருந்து பதில் வரும்: "குக்கர்லயா, வாட்ஸ்அப்லயா?"

பெரும்பாலும் அதன் பிறகுதான் எழுந்துபோய் அரிசி களைகிறேன்.