அம்பு போட்ட நவம்பர்

விருதுநகர் மாவட்டத்திலேயே ஸ்காட்லாந்துக் கால்பந்தைக் கரைத்துக் குடித்த ஆள் ஒரே ஒருவர்தான் இருந்தார். சிவகாசியில் நான் வேலை பார்த்த ஆப்செட் பிரஸ்ஸின் கட்டிங் மிஷின்காரர். அவர் வாழ்நாளில் ஒரு கால்பந்து ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. ஓர் அணிக்கு எத்தனை பேர் என்று கேட்டால் பன்னிரண்டு என்பார். பதினொன்று என்று சொன்னதற்காக என்னை ஒரு வாரம் கிறுக்கன் என்று திட்டினார்.

அவர் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. இடது கை மோதிர விரலின் நுனியை மிஷின் பிளேடு எப்போதோ வாங்கிக்கொண்டது. அதனால் பிரஸ் முழுக்க அவர் ‘ஒம்பதே முக்கால்’. முதுகுக்குப் பின்னால் மட்டும். முகத்துக்கு நேரே அண்ணாச்சி. ஒருமுறை பைண்டிங்காரன் ஒருவன் நேரிலேயே சொல்லிவிட்டான். அன்றைக்கு அவன் கொண்டுவந்த அட்டையை எல்லாம் இவர் கோணலாக வெட்டிக் கொடுத்தார். அம்புட்டும் ஒரே மாதிரிக் கோணல். அதில்கூட ஒரு நேர்த்தி.

பிரஸ்ஸுக்குப் பின் தெருவில் இருந்த லாட்ஜில் நானும் அவரும் ஒரே அறை. முதல் ஒரு வருடத்தில் நாங்கள் பேசிய பேச்சு ‘ஃபேனை நிறுத்து’, ‘நிறுத்த முடியாது’, அவ்வளவுதான். அவருக்குக் கடிதம் வராது, போன் வராது. எந்த ஊர் என்று கேட்டால் “இங்கனதான்” என்பார். எனக்கும் எதுவும் வராது. வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவன் நான். அந்தக் கதை உங்களுக்கு வேண்டாம்.

அந்தச் சமயத்தில்தான் சென்னை ஏஜென்ட் ஒருவர் மூலம் ஸ்காட்லாந்திலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. அங்கே சின்ன ஊர் ஒன்றின் கால்பந்து கிளப். அதன் பழைய புகழ்பெற்ற ஆட்டக்காரர்கள் பன்னிரண்டு பேரை மாதத்துக்கு ஒருவராகப் போட்டு ஒரு காலண்டர். எல்லாம் கறுப்பு வெள்ளைப் படம். தலை முதல் பூட்ஸ் வரை முழு ஆள். கீழே நாலு வரி ஆங்கிலத்தில் வரலாறு. கம்ப்யூட்டரில் பக்கம் கட்டும் வேலை என்னுடையது. வெட்டும் வேலை அண்ணாச்சியுடையது.

முதல் நாளே வம்பு. ஜூன் மாத ஆட்டக்காரரின் பூட்ஸ் முனை வெட்டுக் குறிக்கு வெளியே அரை அங்குலம் போயிருந்தது. அண்ணாச்சி மிஷினை நிறுத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். முதலாளி வந்து கத்தினார்.

“யோவ், லோடு நிக்குதுய்யா. வெட்டித் தொலையேன்.”

“காலு போயிரும் மொதலாளி.”

“போட்டோல உள்ள காலுய்யா அது.”

“போட்டோன்னா? பந்து வெளையாடுற ஆளு, காலில்லாம என்ன செய்வாரு?”

அரை நாள் மிஷின் நின்றது. கடைசியில் நான்தான் படத்தை உள்ளே தள்ளி, அச்சுப் பிளேட்டைத் திரும்பப் போடவைத்தேன். அன்று சாயங்காலம் அறையில் அவராகவே ஃபேனை நிறுத்தாமல் விட்டார். பிறகு கேட்டார்: அந்த ஜூன்காரன் யாருலே?

நான் அந்த நாலு வரியை வாசித்துச் சொன்னேன். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை, சனிக்கிழமை மட்டும் ஆட்டம். அடுத்த நாள் ஜனவரியைக் கேட்டார். அதற்கடுத்து பிப்ரவரி. வெள்ளைக்காரப் பெயர்கள் வாயில் நுழையாததால் மாதப் பெயரே அவர்களுக்குப் பெயராகிவிட்டது. மிஷின் ஓரத்துச் சுவரில் சோதனைக்கு ஓட்டிய தாள்களை வரிசையாக ஒட்டிவைத்து, வேலை நேரமெல்லாம் அவர்களோடுதான் பேச்சு. “மார்ச்சு, நீ என்ன மொறைக்கே” என்பார். ஆகஸ்டுக்கு வணக்கம் வைப்பார், ஆகஸ்ட் கேப்டன் என்பதால்.

ஒருமுறை நான் தெரியாத்தனமாக ஜனவரி செத்த வருடத்தையும் வாசித்துவிட்டேன். அவ்வளவு கோபத்தில் அவரை நான் பார்த்ததில்லை.

“செத்ததை எதுக்குலே போட்டிருக்கான்? வெளையாடுனதை மட்டும் வாசி.”

மே மாதம் மட்டும் அவருக்கு ஆகாது. அந்த ஆள்தான் பன்னிரண்டு பேரில் அதிக கோல் போட்டவன். ஆனால் பெரிய ஊர் கிளப் கூப்பிட்டதும் போய்விட்டான், திரும்பவே இல்லை. அதை வாசித்த அன்றே அண்ணாச்சி மேயைக் கதவுக்குப் பின்னால் மாற்றி ஒட்டினார். “விட்டுட்டுப் போனவன் அங்கனயே கெடக்கட்டும்.”

உயிர் என்றால் நவம்பர்தான். நவம்பர் கோல்கீப்பர். ஒரு பெரிய ஆட்டத்தில் விரல் ஒடிந்தும் வெளியே போகாமல் நின்று பந்தைப் பிடித்தவர். அதை வாசித்தபோது அண்ணாச்சி தன் மோதிர விரலை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டார். அப்புறம் அந்த வரியை மட்டும் தினமும் கேட்டார். சாப்பாட்டு மெஸ்ஸில் ரசத்துக்கும் மோருக்கும் நடுவில்கூட வாசிக்கச் சொன்னார். பக்கத்து இலைக்காரர்கள் எழுந்து போனார்கள்.

இதெல்லாம் இரண்டு மாதம். பிறகு நான் செய்த கூத்து வெளியே வந்தது.

நம் ஊர் மாதக் காலண்டரில் தேதிக்குப் பக்கத்தில் அம்பு இருக்குமே, மேல்நோக்கு நாள், கீழ்நோக்கு நாள், சமநோக்கு நாள் என்று. வீடு கட்ட ஒன்று, கிணறு தோண்ட ஒன்று. சீசன் அவசரத்தில் நான் உள்ளூர்க் காலண்டர் ஒன்றின் தேதிக் கட்டத்தை அப்படியே எடுத்துப் போட்டிருந்தேன். தமிழ் எழுத்தையெல்லாம் எடுத்துவிட்டேன். அம்புகள் நின்றுவிட்டன. புரூஃபை நான் பார்த்தேன், மேனேஜர் பார்த்தார், முதலாளி பார்த்தார். எவன் கண்ணிலும் படவில்லை. அம்பு இல்லாத தேதி இருந்தால்தான் சிவகாசிக்காரனுக்கு உறுத்தும்.

மாதிரிக் காலண்டர் போன பத்தாம் நாள் ஏஜென்ட் போனில் அலறினார். கிளப்காரர்கள் அந்த அம்புகளை ஜோசியம் என்று நினைத்துவிட்டார்களாம். மேலே பார்த்தால் வெற்றி, கீழே பார்த்தால் தோல்வி, படுத்திருந்தால் டிரா. மார்ச் மாதத்தில் மட்டும் எங்களுக்கு ஏன் இத்தனை தோல்வி என்று கேட்டார்களாம்.

முதலாளி என்னைத் திட்டினார். நானும் பதிலுக்குத் திட்டினேன். சீசன் என்பதால் வேலை தப்பியது. அம்பு இல்லாமல் திரும்ப அடிக்க வேண்டும். கெட்டுப்போனதில் ஒரு தாள்கூட வெளியே போகக் கூடாது, ஏஜென்டின் ஆள் வந்து பார்ப்பான். சிவகாசியில் கெட்டுப்போன தாள் எங்கே போகும்? பட்டாசுக்குத்தான் போகும். பட்டை பட்டையாக வெட்டிக் கொடுத்தால் வெடிக்குக் குழாய் சுருட்டிவிடுவார்கள்.

அந்தப் பட்டையை வெட்ட வேண்டியவர் அண்ணாச்சி.

ஜூனின் பூட்ஸ் முனைக்காக அரை நாள் மிஷினை நிறுத்தியவர். சுவரில் இருப்பதையும் சேர்த்து வெட்டச் சொன்னார் முதலாளி. அண்ணாச்சி சண்டை போடுவார் என்று எல்லோரும் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள். வேடிக்கை பார்க்க மட்டும் நம்மாட்கள் சாப்பாட்டு நேரத்தையும் விட்டுவிட்டு வருவார்கள். அவர் சண்டை போடவில்லை. சுவரிலிருந்து ஒவ்வொன்றாகப் பிய்த்தார். வெட்ட ஆரம்பித்தார்.

அரை நாள் வேலை. மூன்று நாள் எடுத்துக்கொண்டார். முதலாளி போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஒவ்வொரு தாள்கட்டையும் தனியாக அளந்து, எந்த முகத்தின் மேலும் பிளேடு விழாமல் வெட்டிக்கொண்டிருந்தார். ஐந்து ரூபாய்க் காசு அகல முகங்கள். பட்டைக்கு ஒன்றாக எல்லா முகமும் முழுசாக இருந்தது. வெடிக்கப்போகிற காகிதத்துக்கு இத்தனை ஜோடனையா என்று முதலாளி தலையில் அடித்துக்கொண்டார்.

நான் தப்புச் செய்தவன். மனசு உறுத்தியது. கம்ப்யூட்டரில் படம் இருக்கிறது, யாருக்கும் தெரியாமல் நவம்பரை மட்டும் பிரிண்ட் எடுத்துத் தருகிறேன் என்றேன்.

“அம்பு போட்டதா, போடாததா?”

“அம்பு இல்லாம நல்லதா எடுத்துத் தாரேன் அண்ணாச்சி.”

“அது வெள்ளைக்காரன்லே. அம்பு போட்டவன்தான் நம்ம ஆளு.”

அம்பு போட்டே எடுத்துத் தருவதாகச் சொன்னேன். கேட்கவில்லை. புதுசா அடிச்சவனுக்கு என்னைத் தெரியாது என்று சொல்லிவிட்டார்.

தீபாவளி வந்தது. லாட்ஜ் காலி. மெஸ் பூட்டிவிட்டார்கள். போக ஊர் இல்லாத இரண்டு பேர் அறையில் பன்னும் வாழைப்பழமும் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தோம். வெளியே ஒவ்வொரு வெடிக்கும் அண்ணாச்சி தலையைத் தூக்குவார்.

“இது யாரா இருக்கும்?”

“அண்ணாச்சி, நம்ம லோடு டெல்லிக்கும் பாம்பேக்கும் போயிருக்கும். இங்கன ஒருத்தனும் இருக்க மாட்டான்.”

“அம்புட்டுப் பேருமா போயிருப்பாக? ஒருத்தனாவது ஊர்ல தங்கியிருப்பான்.”

மறுநாள் விடிந்ததும் பார்த்தால் ஆள் இல்லை. தெருவில் வெடித்த காகிதக் குப்பைக்குள் குத்தவைத்துக் கிளறிக்கொண்டிருந்தார். போவோர் வருவோர் சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. எழுந்து வாங்க என்று அதட்டுவதற்காகத்தான் போனேன். கொஞ்ச நேரத்தில் நானும் குத்தவைத்திருந்தேன்.

நாலு தெரு. வெயில் ஏறியபின், ஒரு வெடிக் குழாயின் உட்சுருளில், ஓரம் கருகி, ஒரு முகம் கிடைத்தது. எடுத்தவர் அவர்தான். ஊதித் துடைத்தார். நான் எட்டிப் பார்த்தேன்.

மே.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. சட்டைப் பையில் பத்திரமாக வைத்தார்.

“விட்டுட்டுப் போனவன்தாம்லே திரும்பி வந்திருக்கான்.”

அந்த முகத்தை எங்கள் அறைச் சுவரில், அவர் பாய்க்கு நேரே ஒட்டினார். கதவுக்குப் பின்னால் அல்ல.

அடுத்த வருடம் முதலாளி தானாக வெட்டும் மிஷின் வாங்கினார். முகம் பார்க்காத மிஷின். அண்ணாச்சியை வரவேண்டாம் என்று சொல்ல அந்த மனுஷனுக்கு ஒரு நிமிடம் ஆனது. சாயங்காலம் அண்ணாச்சி டிரங்குப் பெட்டியோடு படியிறங்கினார். எங்கே போறீக என்று கேட்டேன். சாத்தூர்ப் பக்கம் கையைக் காட்டி “அங்கனதான்” என்றார். சுவரில் மே இருப்பதை நினைவூட்டினேன்.

“இருக்கட்டும். நீயும் பேசணும்லா.”

சாத்தூரில் பல பிரஸ்களில் ஏறி இறங்கிவிட்டேன். ‘ஒம்பதே முக்கால்’ என்று கேட்டால் மணியைச் சொல்கிறார்கள். என்னிடம் இருப்பது அந்த ஒரு பெயர்தான். இரண்டு வருடம் ஒரே அறையில் இருந்துவிட்டு ஒரு மனுஷனின் பெயரைக் கேட்காத கழுதை நான்.

இப்போதும் தீபாவளிக்கு மறுநாள் டீக்கடைக்குப் போகிற வழியில் குனிந்து குனிந்துதான் போகிறேன். கூட்டுகிற அம்மா ஒருத்தி, என்னத்தைத் தொலைச்சீக என்று ஒவ்வொரு வருடமும் கேட்கிறாள். நவம்பர் இன்னும் கிடைக்கவில்லை, அண்ணாச்சி. மே நன்றாக இருக்கிறான். அவனோடு தினமும் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன்.