பத்து லட்சத்து மூன்றாம் ஜன்னல்

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். நாற்காலியில் பார்த்தவர் யாரும் இல்லை.

அந்தக் காட்டில் வளை மாற்றிக் குடிபோக அனுமதிச் சீட்டு வேண்டும். அலுவலகத்தில் கூட்டம் முட்டி மோதவே, சிங்கத்தின் பேரில் ஓர் உத்தரவு வந்தது: ‘அவரவர் மனு எண், எந்த எண்ணால் மீதியில்லாமல் வகுபடுகிறதோ அந்த எண்ணுள்ள ஜன்னலுக்குப் போகவும்.’ இரண்டு முதல் நூறு வரை ஜன்னல்கள் திறந்தார்கள். ஒன்றாம் ஜன்னல் சிங்கத்துக்கு. அது மூடியே கிடந்தது.

செவந்தி என்று ஒரு கீரி. ஆற்றோரத்து வளை, உள்ளே கண் திறக்காத மூன்று குட்டிகள். மேற்கே மழை பிடித்து ஆறு ஏறிக்கொண்டிருந்தது. ஓடிவந்து மனு கொடுத்தாள். கிடைத்த எண் 10,00,003.

இரண்டாம் ஜன்னலில் எருமை. “ஒத்தைப்படைம்மா. இங்க ஆகாது.”

மூன்றாம் ஜன்னலில் கழுதை இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தது. “ஒண்ணும் மூணும் நாலு. மூணால வகுபடாது. எனக்கு மட்டும் உதவணும்னு ஆசை இல்லையா?”

ஐந்தில், கடைசி இலக்கத்தைப் பார்த்ததுமே கதவைச் சாத்தினார்கள். ஏழில் மீதி நாலு. பதினொன்றிலும் மீதி நாலு. நூறாம் ஜன்னலையும் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, “தண்ணி உன் வளை வாசலுக்கு வந்துடுச்சு” என்று ஒரு கொக்கு கத்திக்கொண்டே பறந்தது.

விசாரணை மேசையில் இருந்த தேவாங்கிடம் ஓடினாள். அது எண்ணைப் பார்த்து, பெரிய கண்ணை இன்னும் பெரிதாக்கியது.

“அடி ஆத்தி! பகா எண் தாயி இது! ஏழு இலக்கத்துல முதல் பகா எண்ணே இதுதான். குடுத்து வச்சவ நீ!”

“எம் புள்ளைங்க முங்கிடும் சாமி. நான் எந்த ஜன்னலுக்குப் போக?”

“ஒண்ணால வகுபடும். இல்லேன்னா தன்னால வகுபடும்.”

“தன்னால வகுபடுற வரைக்கும் ஆறு நிக்குமா?”

“அந்தத் தன்னால இல்ல தாயி. பத்து லட்சத்து மூணாம் ஜன்னல்னு அர்த்தம்.”

“அது எங்க இருக்கு?”

“இன்னும் கட்டலை.”

செவந்தி சுற்றுமுற்றும் பார்த்தாள். மூலையில் கிடந்த மரப்பெட்டியை இழுத்துப் போட்டு, கரியால் 10,00,003 என்று எழுதி, பின்னால் உட்கார்ந்தாள். தன் எண்ணைத் தானே வகுத்தாள். ஈவு ஒன்று, மீதி சைபர். மனுவில் ஜன்னல் எண்ணை எழுதி, பாதத்தைச் சேற்றில் தோய்த்து ஒரு முத்திரை போட்டாள். மனு சீட்டாகிவிட்டது.

மேட்டில் காவல் நின்ற நாய் சீட்டைப் புரட்டிப் பார்த்தது. ஜன்னல் எண் இருந்தது, முத்திரை இருந்தது. சல்யூட் அடித்து வழிவிட்டது. மூன்று குட்டிகளும் பிழைத்தன.

கதை இங்கேயே முடிந்திருக்கலாம், பாருங்கள். மறுநாள் காலை பெட்டியை அப்புறப்படுத்தத்தான் செவந்தி வந்தாள். அதற்குள் பெட்டி முன்னால் வரிசை நின்றது. எல்லாரும் “மேடம், மேடம்” என்றார்கள். செவந்தி சும்மா ஒரு நிமிஷம் உட்கார்ந்து பார்த்தாள்.

முதலில் நின்றது ஒரு முள்ளம்பன்றி, உடம்பெல்லாம் ஈரம். அதன் எண் 10,00,033. அதையும் எந்த ஜன்னலும் எடுக்கவில்லை.

“வீட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சு மேடம். இந்தக் கஷ்டம் உங்களுக்குத்தான் தெரியும்.”

செவந்தி நிதானமாக வகுத்தாள்.

“மீதி முப்பது வருதே அண்ணே,” என்றாள், நிமிர்ந்து பார்க்காமல். “அடுத்தது யாரு?”

நீதி: யாராலும் வகுபடாதவர்கள் மனம் தளர வேண்டாம். ஒரு பெட்டி கிடைத்தால் போதும், நீங்களும் அடுத்தவரை வகுக்கலாம்.