நூற்றுப் பதினெட்டுக்கு நூற்றுப் பத்தொன்பது எழுதுவது

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மச்சான் எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒரு வாரமாக வயிறு மட்டும் எரிகிறது. அங்கே நீங்களும் என் தங்கையும் குழந்தைகளும் சுகமாகத்தான் இருப்பீர்கள். இருக்கமாட்டீர்களா பின்னே! கேப்டன் ஆகப்போகிறவர் வீடு.

நேரில் சொல்ல நா எழவில்லை. எனக்குப் பொறாமை, மாப்பிள்ளை. நாம் இருவரும் ஒரே நாளில், ஒரே மேஜை முன்னால், ஒரே பேனாவில் கையெழுத்துப் போட்டு கோ-பைலட்டாகச் சேர்ந்தவர்கள். அன்று வரிசையில் முன்னால் நின்றவன் நான். தங்கைக்குக் கல்யாணமாகி இருபதே நாள். புது மாப்பிள்ளையை முதுகுக்குப் பின்னால் நிற்கவைப்பது அழகா என்று, "நீங்க முதல்ல போங்க மாப்பிள்ளை" என்று நகர்ந்தேன். ஒரு பேச்சுக்காவது "பரவாயில்லை மச்சான்" என்றீர்களா? போய்விட்டீர்கள்! கையெழுத்துப் போட்ட வரிசைதான் சீனியாரிட்டி என்று அந்த மேஜைக்காரர் வாயே திறக்கவில்லை. பதினாறு வருஷமாக லீவு கேட்டாலும், டூட்டி ரோஸ்டரில் நல்ல ஊர் கேட்டாலும், உங்களுக்குப் போக மிச்சம்தான் எனக்கு. இன்றைய சீனியாரிட்டி பட்டியலில் நீங்கள் நூற்றுப் பதினெட்டு, நான் நூற்றுப் பத்தொன்பது. விட்டுக்கொடுத்தவன் கெட்டுப்போவதில்லை என்று சொன்னவன் எந்த விமானக் கம்பெனியிலும் வேலை பார்த்திருக்கமாட்டான்.

நிர்வாகத்தின் யோக்கியதை உங்களுக்குத் தெரியாததா? வருஷ ஆரம்பத்தில் ஆறு கேப்டன் இடம் என்றார்கள். புது விமானம் வரத் தாமதம், மூன்று என்றார்கள். இப்போது ஒன்றே ஒன்று; நமக்கு மேலே உள்ளவர்கள் எல்லாம் கேப்டன் ஆகிவிட்டதால் அது உங்களுக்கு. அடுத்தது எப்போது என்று கேட்டால் ஆபரேஷன்ஸ் தலைவர் தோளில் தட்டி, "நல்லதே நடக்கும்" என்கிறார். அவர் தட்டினால் உடனே சட்டைப் பையைத் தடவிப் பார்க்கவேண்டும். எனக்கு நாற்பத்தேழு ஆகிறது. இதை விட்டால் கோ-பைலட்டாகவே ரிட்டயர் ஆவேன்.

வீட்டில் அதைவிடக் கொடுமை. அம்மா போன் போட்டு, "மாப்பிள்ளை தோள்ல நாலு பட்டை வரப்போகுதாமே, உனக்கு ஏன்டா மூணோட நிக்குது?" என்கிறாள். என் மனைவி என் யூனிஃபார்மில் அந்த மூன்று பட்டையை மட்டும் திரும்பத் திரும்ப இஸ்திரி போடுகிறாள். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. நாளைக்கு ஒரே விமானத்தில் போட்டார்கள் என்றால், நீங்கள் "சக்கரத்தைத் தூக்குங்க" என்பீர்கள், நான் "சரி கேப்டன்" என்று தூக்கவேண்டும். பெண் கொடுத்தவன் எவ்வளவுதான் பணிவான், சொல்லுங்கள்?

அதனால் ஒரே வேண்டுகோள். "இப்போது வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தால் இடம் அடுத்த எண்ணுக்கு வரும். நீங்கள் என்னைவிட ஆறு வயது சின்னவர், காத்திருக்கலாம். எனக்காக இந்த ஒரு தடவை விட்டுக்கொடுங்கள்.

தங்கைக்கு என் அன்பு. குழந்தைகள் எந்த வரிசையிலும் யாருக்கும் வழிவிடாமல் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
இன்னமும் உங்கள் மேல் பிரியம் குறையாத மச்சான்.

பி.கு.: உறையை ஒட்டும்போது ரோஸ்டர் ஆபீஸிலிருந்து போன். "கேப்டன் சீட் ஒண்ணு இருக்கு சார், எடுத்துக்கிறீங்களா? இப்பவே சொல்லணும்." இருக்கிற ஒரே இடம் உங்களுடையது; அப்புறமும் நிர்வாகம் வலிய வந்து கொடுத்தால் அதில் ஏதோ சூது இல்லாமலா? "யாருக்குக் காது குத்துறீங்க? எனக்கு வேண்டாம், ஆளை விடுங்க" என்று வைத்துவிட்டேன். ஐந்தே நிமிடத்தில் தங்கை பேசினாள். நீங்கள் நேற்றே எனக்காக வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டீர்களாம். என்னிடம் சொல்லக்கூடாது என்றீர்களாம். பதறிப்போய் ஆபீஸைத் திருப்பிக் கூப்பிட்டேன். நூற்றிருபது சம்மதம் சொல்லியாகிவிட்டதாம். இதற்குள் தங்கை, நான் கேப்டன் ஆகிவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்ல, அம்மா சொந்தபந்தம் எல்லாருக்கும் போன் போட்டுக்கொண்டிருக்கிறாள். நீங்கள்தான் அவளிடம் விஷயத்தைச் சொல்லவேண்டும், மாப்பிள்ளை. உங்கள் பேச்சைத்தான் அவள் நம்புவாள்.