துண்டுக்கு நிற்காத பஸ்

சிவமயம்

காரைக்குடி,
19-8-1973

பட்டணத்து பஸ்களுக்கெல்லாம் வழி வகுத்துக் கொடுக்கும் சிரஞ்சீவி காசிவிஸ்வநாதனுக்கு, உன்னைப் பெற்ற அப்பச்சி ஏகப்பன் ஆசி கூறி எழுதுவது. இங்கே உன் ஆத்தாளும் நானும் நலம். ஆத்தாளுக்கு முழங்கால் வலி, எனக்கு மனசு சரியில்லை, மற்றபடி நலம்.

நீ டெல்லிப் பயிற்சியிலிருந்து திரும்பி, நாகம்மை ஆச்சி காலமான விவரத்தை அறிந்திருப்பாய். உனக்கு அயித்தை, எனக்கு உடன்பிறந்த மூத்தவர். அவர் முகத்தை உயிரோடு பார்க்க முடியாமல் போனதற்கு உங்கள் பஸ் திட்டப் பிரிவுதான் காரணம் என்று எழுத்துமூலம் தெரிவிக்கவே இந்தக் கடிதம். அப்பச்சி எழுதியது என்று பார்க்காமல் மேலதிகாரியிடம் காட்டு.

பதினோரு வருஷமாக ஆச்சி என்னோடு பேசவில்லை. உன் கல்யாணத்துக்கு நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காமல், வேலை மும்முரத்தில் ஆச்சியின் ஊரான கண்டரமாணிக்கம் போகும் பஸ்ஸின் கண்டக்டர் சோணையிடம் பத்திரிகையைக் கொடுத்தனுப்பினேன். நம் ஊரில் கண்டக்டர் மூலம் மருந்து போகிறது, மல்லிகைப்பூ போகிறது, அழைப்பும் போகும் என்று நினைத்துவிட்டேன். "கண்டக்டரு அழைச்ச கல்யாணத்துக்குக் கண்டக்டரே போகட்டும்" என்று சொல்லிவிட்டார் ஆச்சி. சோணை வந்து சாப்பிட்டுவிட்டுப் போனான். ஆச்சி வரவில்லை.

அவரைப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, நாள் அதிகமில்லை என்று கேள்விப்பட்டதும் கிளம்பி உன் வீட்டுக்கு வந்தேன். பேத்தி கண்ணம்மையின் காதுகுத்துக்கு இந்தத் தடவையாவது நேரில் அழைத்துவிட வேண்டும் என்று வெற்றிலை, பாக்கு, மஞ்சள் எல்லாம் பையில் எடுத்து வைத்தேன். எந்த பஸ்ஸில் ஏறி எங்கே இறங்க வேண்டும் என்று, டெல்லிக்குக் கிளம்பும் அவசரத்திலும் நீ எனக்குப் படம் வரைந்து வைத்துவிட்டுப் போயிருந்தாய். அதையும் அதே பையில் போட்டேன்.

மூன்றரை மணிக்கு பஸ் வந்து நின்றது. ஜன்னல் வழியாகத் துண்டையும் பையையும் ஸீட்டில் போட்டு இடம் பிடித்துவிட்டு, எதிர்க்கடையில் ஒரு சோடா குடிக்கப் போனேன். நம் ஊரில் துண்டு கிடந்தால் ஆள் வரும்வரை டிரைவர் வண்டியை எடுக்கமாட்டார். "துண்டுக்காரரு எங்க போனீக, வாங்கய்யா" என்று ஹாரன் அடிப்பார். உங்கள் டிரைவர் ஒரு ஹாரன்கூட அடிக்காமல் போய்விட்டார். வெற்றிலை பாக்கு மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போகிறது, நான் சோடா பாட்டிலோடு நடுரோட்டில் ஓடுகிறேன். பின்னாலேயே வந்த பஸ்ஸில் தொற்றி ஏறி, "முன்னால போற பஸ்ஸப் பிடிங்க தம்பி, என் துண்டு போகுது" என்றேன். "பெரியவரே, இது வேற ரூட்டு" என்றார் கண்டக்டர். "துண்டு எங்குட்டுப் போகுதோ அங்குட்டு விடுங்களேன்" என்று நான் கெஞ்ச, பஸ்ஸே சிரித்தது. ஏதோ ஒருவழிப் பாதையாம், திட்டத்தை மாற்றிவிட்டார்களாம், கடற்கரையில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். படம் பையில், பை பஸ்ஸில், நான் மணலில். கேட்டுக் கேட்டு மூன்று பஸ் மாறி ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தால், ஆறு மணி அடித்து, பார்வை நேரம் முடிந்து, கேட்டைச் சாத்திவிட்டார்கள். மறுநாள் காலையில் போனேன். ஆச்சியின் கட்டிலில் வேறு விரிப்பு விரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே, வருகிற திட்டத்திலாவது, துண்டு கிடக்கும் பஸ்ஸை ஆள் வரும்வரை நிறுத்திவைக்க ஒரு விதி சேர்க்கவும். ஆஸ்பத்திரிப் பக்கம் போகும் பஸ்ஸுக்கு நம் ஊர் டிரைவர்களாகப் பார்த்துப் போடவும். காரைக்குடி டவுன் பஸ்ஸில் ஒரு வாரம் போய்வந்து குறிப்பெடுத்திருந்தால் நீ டெல்லிக்குப் போயிருக்கவே வேண்டாம்.

மருமகள் சாலாவுக்கும் குழந்தை கண்ணம்மைக்கும் எங்கள் ஆசி. கொப்புடையம்மன் உங்களுக்கு ஒரு குறையும் வைக்கமாட்டாள்.

இப்படிக்கு,
அப்பச்சி ஏகப்பன்

பி.கு: கடிதத்தை மேலதிகாரியிடம் காட்டாதே. துண்டு போனது மட்டும்தான் நிஜம். கண்டக்டர் அதையும் பையையும் அடுத்த நிறுத்தத்திலேயே இறக்கி, பஸ் நேரம் குறிக்கிறவரிடம் பத்திரமாகக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கடற்கரைக்கெல்லாம் நான் போகவேயில்லை. சாலாவிடமும் அந்தக் கதையைத்தான் சொல்லிவைத்திருக்கிறேன். உன் படம் சரியாகத்தான் இருந்தது. நாலேகாலுக்கே ஆஸ்பத்திரிக்கு எதிரே இறங்கிவிட்டேன். ரோட்டைத் தாண்டத்தான் தைரியம் வரவில்லையப்பா. என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியாமல், ஆறு மணிவரை அந்த நிறுத்தத்திலேயே நின்றேன். மறுநாள் நர்ஸம்மாதான் சொன்னார், ஆச்சியின் கட்டில் ஜன்னலோரமாம். "அந்தா, எந்தம்பி பஸ்ஸவிட்டு எறங்கிட்டான். இந்தா வந்துருவான். தலையக் கொஞ்சம் சீவிவிடு தாயி" என்று எழுந்து உட்கார்ந்துகொண்டாராம். நான் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏறினேன். கூட்டமே இல்லை. துண்டு போடாமலே உட்கார இடம் கிடைத்தது.