பச்சை விளக்கு எரியும் வீடு

ஒரு காட்டில் காற்று நன்றாக இருந்தது. அதனால் அதைப் பற்றி யாரும் பேசியதில்லை.

அங்கே ஒரு பாறைக் குகையில் அன்னக்கொடி என்ற முள்ளம்பன்றி தன் கணவன் கோட்டைச்சாமியுடன் வாழ்ந்து வந்தது. ஒரே மகள் பேச்சியை மலைக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பேச்சிக்கு இது தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்ததும் மகளை அழைத்துவர அன்னக்கொடி போனது. மாப்பிள்ளை வாசலிலேயே நிறுத்தியது.

“அத்தை, தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க வீட்டுல காத்தும் தண்ணியும் நல்லா இருக்குன்னு சான்றிதழ் வாங்கிட்டு வாங்க. அப்பதான் அனுப்புவேன்.”

“அந்த வீட்டுலதான் மாப்ளே நான் இவளையே பெத்தேன்.”

“அதான் பயமா இருக்கு” என்றது மாப்பிள்ளை.

சான்றிதழ் கொடுப்பது ஏரிக்கரைக் கொக்கு. அன்னக்கொடி இரண்டு நாள் வரிசையில் நின்றது. அதற்கு முன்னால் நின்றது ஓர் ஆமை. ஒருவழியாக முறை வந்ததும் கொக்கு படிவத்தைப் பார்த்துக் கேட்டது.

“வீட்டுல மூச்சு விடுறவங்க எத்தனை பேரு?”

“ரெண்டு பேருங்க ஐயா.”

“குறைக்கப் பாருங்க.”

தேங்காய் மூடி அளவில் ஒரு கருவியையும் கொடுத்தது. காற்று நன்றாக இருந்தால் பச்சை விளக்கு எரியும். கெட்டால் சிவப்பு. ஏழு நாள் விடாமல் பச்சை எரிய வேண்டும். நடுவில் ஒருமுறை சிவந்தாலும் மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும். தண்ணீரைச் சோதிக்க அதிலேயே ஒரு குச்சி இருந்தது.

முதல் நாள் அன்னக்கொடி கடுகு தாளித்தது. சிவப்பு. அடுப்பை வெளியே நாவல் மரத்தடிக்கு மாற்றியது. மறுநாள் காற்று சுத்தமாகட்டும் என்று சாம்பிராணி போட்டது. அதுவரை இல்லாத சிவப்பு. மூன்றாம் நாள் கோட்டைச்சாமி கிழங்கு தோண்டிவிட்டு வந்து முதுகு மண்ணைச் சிலிர்த்தது. சிவப்பு.

“வெளிய போங்க!”

“நான் என்னடி பண்ணேன்?”

“மூச்சு விட்டீங்க.”

குடத்துத் தண்ணீருக்கு யாராவது டம்ளரை விடும்வரை பச்சைதான் எரிந்தது. அதனால் அன்னக்கொடி குடத்தின் வாயைத் துணியால் கட்டிவிட்டது. குடிப்பதற்கு ஓடைக்குப் போனார்கள்.

அப்புறம் அன்னக்கொடி மட்டும் உள்ளே இருந்தது. கருவிக்கு எதிரே உட்கார்ந்து மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தது. பச்சை. இன்னும் பச்சை. கண் பிதுங்கியது. கடைசியில் ஒரு பெருமூச்சு விட்டது. சிவப்பு.

அன்று அன்னக்கொடியும் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தது. வாசலைக் கல் வைத்து அடைத்து, பார்ப்பதற்கு மட்டும் ஒரு விரற்கடை இடுக்கு விட்டது. ஏழு நாளும் பச்சை எரிந்தது.

எட்டாம் நாள் கொக்கு வந்தது. “உள்ள வந்து பாக்கணுமே.”

“ஐயா, நீங்களும் மூச்சு விடுவீங்களே?”

கொக்கு யோசித்தது. இடுக்கில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தது. “இத்தனை வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு வீட்டை நான் பாத்ததில்லை” என்று தழுதழுத்தபடி சான்றிதழில் காலால் முத்திரை குத்தியது.

மாப்பிள்ளை சான்றிதழை இருமுறை படித்துவிட்டுப் பேச்சியைக் கூட்டிவந்தது. மலை ஏறி இறங்கியதில் பேச்சிக்குக் கால் வீங்கியிருந்தது.

“அம்மா, இடுப்பு விட்டுப் போவுது. உள்ள போய்ப் படுத்துக்கறேன்.”

அன்னக்கொடி கல்லுக்குக் குறுக்கே நின்றது. “உள்ளயா? அது நல்ல காத்துடி!”

“எனக்காகத்தானேம்மா வாங்குன?”

“உனக்காகத்தான். நீ போனா போயிடுமே.”

பேச்சி புருஷனைப் பார்த்தது. அது சான்றிதழின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தது. “ஒருதடவை சிவந்தா ரத்துன்னு போட்டிருக்கு, பேச்சி. அத்தை சொல்றதக் கேளு.”

நாவல் மரத்தடியில் சருகு பரப்பினார்கள். அடுப்புப் புகைக்கும் கோட்டைச்சாமியின் முதுகு மண்ணுக்கும் நடுவில், ஓடைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, பேச்சி ஒரு பெண்ணைப் பெற்றது. அது பிறந்ததும் வீறிட்டு அழுதது. எல்லோரும் ஓடினார்கள், இடுக்கு வழியாக விளக்கைப் பார்க்க.

பச்சைதான்.

“அப்பாடா! பிள்ளை நல்லா இருக்கு” என்றது மாப்பிள்ளை.

செய்தி பரவியது. நரியும் முயலும் உடும்பும் கருவி வாங்கிக்கொண்டு வெளியே வந்து படுத்தன. ஐப்பசியில் அடைமழை பிடித்தது. காடே தத்தம் வாசலில் நனைந்துகொண்டு நின்றது. குட்டியை வயிற்றுக்கடியில் வைத்துக்கொண்டு பேச்சி இடுக்கில் எட்டிப் பார்த்தது. உள்ளே தரை காய்ந்து கதகதப்பாக இருந்தது; விளக்கு பச்சையாக எரிந்தது.

“பாத்தியா, நம்ம வீடு எவ்வளவு நல்லா இருக்கு!” என்றது அன்னக்கொடி, தும்மலுக்கு நடுவில்.

நீதி: வீட்டின் ஆரோக்கியத்தில் அக்கறை உள்ளவர்கள் முதலில் அதில் குடியிருப்பதை நிறுத்த வேண்டும்.