நெருப்பில்லாம ஊதின சங்கு

அன்னிக்கு எனக்கு இருந்த வேல ஒண்ணே ஒண்ணு. பகல் பன்னெண்டு மணிக்கு பேக்டரி சங்கு பத்து செக்கன் ஊதணும். அப்புறம் நிக்கணும்.

அதையும் நான் ஊதப்போறதில்ல. கம்ப்யூட்டர் ஊதும்.

ரெண்டாயிரத்து ஒண்ணு. தலவாக்கல பக்கம் ஒரு தேயிலத் தோட்டத்து ஆபீஸ்ல நான் தற்காலிக கிளாக்கர். "சங்கு ஒரு நாள் பிசகாம ஊதட்டும் மிஸ், வேலைய நிரந்தரமாக்கிறேன்"னு தோட்டத்து மேனேஜர், அதான் பெரிய தொர, சொல்லிட்டாரு. ஹட்டன்ல ஆறு மாசம் கம்ப்யூட்டர் படிச்ச கர்வத்துல நானும் "சரிங்க தொர"ன்னுட்டேன்.

கம்ப்யூட்டர்லருந்து சங்குக்கு வயர் இழுத்தாச்சு. ப்ரோக்ராம் எழுதினேன். விஷயம் இதுதான். கம்ப்யூட்டர் எந்த வேலையில இருந்தாலும் உள்ள இருக்குற கடிகாரம் அத அடிக்கடி தட்டிக் கூப்புடும். அதுக்குப் பேரு இன்டரப்ட். தட்டினதும் ஓடி வர ஒரு சின்னத் துண்டு ப்ரோக்ராம் மெமரியிலயே காத்துக்கிட்டு இருக்கணும். எடம் பத்தலைன்னா கம்ப்யூட்டர் அதத் தூக்கி ஹார்ட் டிஸ்க்ல போட்டுரும். அப்போ தட்டினா வர ஆள் இருக்காது, மிஷின் செத்துரும். அதனால "இத நகத்தாதே"ன்னு மெமரியப் பூட்டி வைக்கணும்னு பொஸ்தகத்துல இருந்திச்சு.

பூட்டினேனே! அந்தத் துண்ட ஜம்முனு பூட்டினேன்.

சங்கு ஊத ஆரம்பிச்சதும் பத்து செக்கன எண்ணுறதுக்கு ஒரு எடம் வச்சிருந்தேன். அதப் பூட்டல. அதையும் பூட்டணும்னு அடுத்த பக்கத்துல போட்டிருந்திச்சாம். நான் பக்கத்தத் திருப்பல.

பன்னெண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கு. பெரிய கிளாக்கரையா ஒரு சீடியோட வந்தாரு.

"புள்ள, மகளோட கல்யாண போட்டோ வந்திருக்கு. இதுல பாக்கலாமா?"

"பன்னெண்டு மணிக்குச் சங்கு இருக்குங்கய்யா."

"அதுதான் தானா ஊதுமே!"

என் பெருமைய என்கிட்டயே திருப்பிச் சொன்னா நான் என்ன பண்றது?

ஒவ்வொரு போட்டோவா தெறந்தாரு. ஒண்ணக்கூட மூடல. நாப்பதாவது போட்டோவுல மிஷினுக்கு மூச்சு வாங்கிச்சு.

பன்னெண்டு. சங்கு ஊதிச்சு! எனக்குப் பெரும தாங்கல.

பத்து செக்கன். இருவது. ஒரு நிமிஷம். நிக்கல!

எண்ணுற எடம் ஹார்ட் டிஸ்க்குக்குப் போயிருச்சு. ஊத ஆரம்பிச்ச மிஷின் எண்ணப் போன எடத்துலயே செத்திருச்சு. ஸ்கிரீன்ல தாலிக்குக் குனிஞ்ச பொண்ணு குனிஞ்சபடியே நிக்கிறா.

இதுல இன்னொண்ணு இருக்கு. எங்க தோட்டத்துல சங்கு கொஞ்ச நேரம் ஊதினா சாப்பாடு. நிக்காம ஊதினா பேக்டரியில நெருப்பு. பொறந்த புள்ளைக்கும் தெரியும்.

கம்ப்யூட்டர் சுவிட்ச அமத்தி நிப்பாட்ட ஓடினேன். கிளாக்கரையா கையப் புடிச்சிக்கிட்டாரு.

"அமத்தாதே! போட்டோ அழிஞ்சிரும்!"

"அது சீடியில இருக்குங்கய்யா!"

"கொஞ்சம் பொறு புள்ள, மிஷின் யோசிக்குது."

செத்த மிஷின் எங்க யோசிக்கும்? ஆனா அவரு பெரிய கிளாக்கர், நான் தற்காலிகம். பொறுத்தேன்.

அதுக்குள்ள மலையிலருந்து முழு டிவிஷன் சனமும் எறங்கிருச்சு. வாளி, குடம், அண்டா, ஒரு அம்மா கையில சோத்துச் சட்டி. முன்னால கங்காணி.

"எங்க நெருப்பு?"

"நெருப்பு இல்லீங்க."

"அப்புறம் ஏன் சங்கு ஊதுது?"

"கம்ப்யூட்டர்ல கோளாறுங்க, அதுதான் ஊதுது."

கங்காணி கம்ப்யூட்டர ஒரு பார்வ பாத்தாரு. வாசப்பக்கம் திரும்பிக் கத்தினாரு.

"வாங்க, வாங்க! நெருப்பு இந்தப் பொட்டிக்குள்ளதான் இருக்கு!"

நான் வாயத் தொறக்குறதுக்குள்ள பதினாலு வாளி தண்ணி. படார்! லைட்டெல்லாம் போச்சு. சங்கு நின்னிருச்சு.

"அணஞ்சிருச்சு"ன்னாரு கங்காணி.

கதவுகிட்ட பெரிய தொர நிக்கிறாரு. கால்ல போட்ட சப்பாத்து முங்குற தண்ணியில நின்னுகிட்டு கைக்கடிகாரத்தப் பாக்குறாரு. என் வேல போச்சுன்னு தெரிஞ்சிருச்சு. அழுதுட்டேன்.

"ஏழு நிமிஷம்"னாரு தொர. "நாலு வருஷமா நெருப்பு ஒத்திகைக்குக் கூப்புடுறேன், ஒருத்தர் வரல. இன்னிக்கு ஏழு நிமிஷத்துல எல்லாரும் வந்திட்டாங்க! எப்படி மிஸ் செஞ்சீங்க?"

"மெமரியப் பூட்டலைங்க தொர"ன்னேன் அழுதுகிட்டே.

"இனிமேலும் பூட்டாதீங்க"ன்னாரு.

அடுத்த வாரம் நிரந்தரக் கடிதம் வந்திச்சு. பதவி, தீயணைப்பு வாளிகளுக்குப் பொறுப்பாளர்.