செங்கல் சாரும் என் கால் கட்டைவிரலும்

எண்ணூர்க் கடல்நீரில் உப்பு இல்லை என்று யாராவது சொன்னால்கூட நம்பிவிடலாம்; சர்க்கரை விஷயத்தில் செங்கல் சாரை மீறி இன்னொருவர் பேச்சை நம்ப முடியாது. திருவொற்றியூரில் ஒரு மிட்டாய்த் தொழிற்சாலை லேபில் அவர் கெமிஸ்ட், நான் ரிஜிஸ்டர் எழுதுகிறவன். சோதனைக்குழாயில் நீலக் கரைசலை ஊற்றிக் கொதிக்கவைப்பார். சர்க்கரை இருந்து நிறம் மாறினால், "செங்கல் கலரு!" என்று கத்துவார். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருந்ததா, தெரியாது.

அப்பப்பா, எதைத்தான் விட்டுவைத்தார்! கோயில் பொங்கல், கிறிஸ்துமஸ் கேக், பலாச்சுளை. என் மகள் நிச்சயதார்த்தத்தில் ஒரு கரண்டி பாயசத்தைக் குழாயில் ஊற்றிக்கொண்டு போனார். விஷம் இருக்கிறதா என்று பார்க்கிறோம் என நினைத்துச் சம்பந்தி வீட்டார் எகிறினார்கள். சமாதானம் பேசியே எனக்கு நாக்கு வறண்டுபோயிற்று.

ஒருநாள் சர்க்கரை போடாத பால் டீயும் செங்கலாயிற்று. கேன்டீன் மாஸ்டர் அலறிவிட்டார்.

"அம்மா மேல சத்தியமா போடல சார்!"

"பேஜாராவாத நைனா. பால்லயே லாக்டோஸுன்னு ஒரு சக்கர கீது, அதான் காட்டிக்குடுக்குது. நம்ம வெள்ளச் சக்கர இப்டி மாட்டிக்காது. அதுக்குள்ள குளுக்கோசும் ஃப்ரக்டோசும் கைய இறுக்கமா கோத்துகினு நிக்கும். நீலம் நீலமாவே கீது."

இதை நான் பத்திரமாகக் காதில் வாங்கிக்கொண்டேன். காரணம், எனக்குச் சர்க்கரை வியாதி. கால் கட்டைவிரலில் புண். ஒரு மாதத்தில் ஆறாவிட்டால் விரலை எடுத்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது தெரிந்ததும் செங்கல் சார் தினமும் என் டீயைச் சோதிக்கத் தொடங்கினார். நான் பால் இல்லாத டீக்கு மாறி, மூன்று ஸ்பூன் வெள்ளைச் சர்க்கரை போட்டுக் குடித்தேன். குழாய் நீலமாகவே இருந்தது. பத்து நாள் நல்ல பிள்ளை என்று பேர் வாங்கினேன். புண் மட்டும் ஏமாறவில்லை.

புண் ஆறாததைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, பதினோராம் நாள் என் டீயில் சொட்டு ஆசிட் விட்டுக் கொதிக்கவைத்தார். சோடா உப்புப் போட்டு ஆசிட்டை அடக்கிவிட்டு, அப்புறம் நீலத்தை ஊற்றினார். குழாய் சிவந்தது. அன்றைக்கு அவர் கத்தவில்லை.

"ஆசிட்டு வுட்டா கோத்த கைய வுட்டுடும் மாமு," என்றார். குழாயை என் முன்னால் வைத்தார். "வெரலு போச்சுன்னா நான் இன்னாத்த ஊத்தி ஒட்டவெப்பேன்? சொல்லு."

அப்படி ஒரு வெட்கம் எனக்கு வாழ்நாளில் வந்ததில்லை. அன்றோடு நிறுத்தினேன். எந்த வியாதியும் இல்லாத அந்த மனிதரும் கூடவே நிறுத்தினார். ஏன் சார் என்றால், "உன்ன பக்கத்துல வெச்சுகினு நான் மட்டும் இனிப்பா குடிக்கவா?" என்று எரிந்து விழுந்தார்.

விரல் தப்பியது. அவர் ஓய்வு பெற்றுக் காத்திவாக்கம் போய்விட்டார். இப்போது என் டீயைச் சோதிக்க ஆளில்லை. சர்க்கரை டப்பா கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. சர்க்கரை போடாத டீ கசக்கிறது, அலுக்கிறது. ஆனாலும் குடித்து முடிக்கிறவரை வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், குழாயும் கையுமாக வந்துவிட மாட்டாரா என்று.